சுருள் கூந்தலின் நீளமும் கண்டிஷனர் முழுக்கும்

இடுப்புவரை தொங்குகின்ற ஒரு கூந்தலின் நுனியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர், ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னே தலைத்தோலை விட்டு வெளிவந்து, அன்று முதல் வெயிலையும் புழுதியையும் சீப்பின் பற்களையும் நூற்றுக்கணக்கான தலைமுழுக்குகளையும் தாங்கி மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பொருள் ஒன்றைப் பார்க்கிறார். மயிரில் உயிருள்ள பாகம் தோலுக்கு அடியில், மயிர்க்காலின் குமிழில் மாத்திரமே இருக்கிறது. அங்கே உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகி, கெரட்டின் என்னும் புரதத்தைத் தம்முள் நிரப்பிக்கொண்டு, இறுகி, உயிர் நீங்கி, மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிருக்கு இரத்த ஓட்டம் இல்லை; நரம்பு இல்லை; காயம் பட்டால் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தியும் இல்லை. கேச சம்ரக்ஷணத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அதை எடைபோடுவதற்கு இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது பெரிதும் உதவும்.

சுருட்டை முடியை ஷாம்பு போட்டுத் தேய்க்காமல் கண்டிஷனரை மாத்திரம் கொண்டு கழுவிவந்தால் அது நீண்டு வளரும் என்று இப்போது அநேக ஸ்திரீகள் நம்புகிறார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் இது சரியன்று. தலைமயிர் சாதாரணமாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளர்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரையில் இடைவிடாமல் உழைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் ஒடுங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பழைய மயிரை உதிர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. இந்தக் கால அளவுகளைப் பரம்பரையும் வயதும் உணவும் தேக ஆரோக்கியமும் நிர்ணயிக்கின்றனவேயன்றி, தலைமேல் சில நிமிஷங்கள் பூசி அலசிவிடுகிற ஒரு களிம்பு நிர்ணயிப்பதில்லை. ஆயினும் அந்த முறையைப் பொறுமையுடன் கைக்கொண்டவர்கள் தங்கள் கூந்தல் முன்பைவிட நீண்டிருக்கிறது என்று சொல்வது பொய்யும் அன்று. வேரில் வளர்ந்ததிலிருந்து நுனியில் முறிந்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கூந்தலின் நீளம். கண்டிஷனர் வேலை செய்வது அந்தக் கழிவின் பக்கத்தில்.

நீளத்தைக் குறைப்பது முறிவே என்பதற்கு நல்ல சான்று ஆப்பிரிக்க வம்சத்தாரின் இறுகிய சுருள் கேசத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளில் கிடைக்கிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளரான ஜெனவியேவ் லூஸ்வார்ன் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவைகளின்படி, அந்தக் கேசம் நாளொன்றுக்குச் சராசரி 256 மைக்ரோமீட்டர் வளர்ந்தது; ஐரோப்பிய வம்சத்தாரின் கேசமோ 396 மைக்ரோமீட்டர் வளர்ந்தது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே வருஷக் கணக்கில் முன்னது ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல், பின்னது பதினான்குக்குச் சற்று மேல். வித்தியாசம் உண்மையானதே. ஆனால், வருஷத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் வளர்கிற தலையிலும் ஐந்து வருஷத்தில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் சேர்ந்திருக்க வேண்டுமே; கத்தரிக்காத தலையிலும் அவ்வளவு நீளத்தைக் காண்பது ஏன் அரிதாக இருக்கிறது? நொன்லான்லா குமாலோ என்னும் தென்னாப்பிரிக்கத் தோல்மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய கேசத்தை எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் அதற்கு விடை தந்தார்கள். சீப்போடு வந்த மயிர்களில் வேரோடு உதிர்ந்தவை குறைவு. நடுவில் முறிந்தவையே மிகுதி. மயிர் தன்னைத்தானே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இடங்களும், நெடுக்காகப் பிளந்த இடங்களும் ஏராளம். வளராத கேசம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழிக்கப்பட்டது, உண்மையில் வளர்ந்து வளர்ந்து முறிந்துகொண்டிருந்த கேசம்.

சுருள் மயிர் ஏன் முறிகிறது? நேரான மயிரின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டம்; சுருள் மயிரினுடையது தட்டையான நீள்வட்டம். மயிர்க்காலே தோலுக்குள் வளைந்திருப்பதால், அதிலிருந்து வெளிப்படும் இழையும் வளைந்தும் முறுகியும் வருகிறது. அந்தத் திருப்பம் ஒவ்வொன்றும் பலம் குறைந்த ஓர் இடம். மேலும், தலைத்தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகள் கசியவிடுகிற இயற்கையான எண்ணெய் நேரான மயிரில் தடையின்றி நுனிவரை வழிந்துவிடும். சுருளிலோ வேரருகில் நின்றுவிடுகிறது. இப்படி வேர்ப்பக்கம் பிசுபிசுப்பும் நுனிப்பக்கம் வறட்சியுமாக இருக்கும் தலையைப் பிசுபிசுப்பு நீங்கட்டும் என்று நன்றாக நுரைவரத் தேய்க்கும்போது, எண்ணெயே சென்றிராத நுனிக்கும் அதே தண்டனை கிடைக்கிறது.

நுரை என்ன செய்கிறது என்பதை அறிய மயிரின் மேற்பரப்பை அறிய வேண்டும். கீற்று வேய்ந்த கூரையைப் போல, மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வேரிலிருந்து நுனியை நோக்கி மயிரை மூடியிருக்கின்றன. அச்செதில்களின் வெளிப்புறத்தில் மெத்தைல் ஐகோசனாயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் ஒன்று, மேலே தடவியதுபோல அல்லாமல், கந்தக அணுவின் வழியே புரதத்தோடு ரசாயன பந்தம் பூண்டு, ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் போர்வையாக நிற்கிறது. ரசாயனம் படாத மயிரில் தண்ணீர் உருண்டு ஓடுவதும், இழையோடு இழை உராயாமல் வழுக்கிச் செல்வதும் இந்தப் போர்வையின் குணம். காரமான சோப்பும், நிறம் வெளுக்கும் ரசாயனங்களும், முடியை நேராக்கும் காரக் கலவைகளும் அந்தப் பந்தத்தை அறுத்துவிடுகின்றன. வெயிலும் உராய்வும் மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்கின்றன. அறுந்த போர்வை மறுபடி உண்டாவதில்லை. போர்வை போன இடத்தில் மயிர் எதிர்மின் தன்மை மிகுந்து, தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, பக்கத்து இழைகளோடு கொக்கி மாட்டியதுபோல் சிக்குகின்றன. ஷாம்புவில் சோப்பின் காரம் இல்லாவிட்டாலும், அதிலுள்ள சோடியம் லாரெத் சல்பேட் போன்ற பொருள்களும் எதிர்மின் தன்மை உடையவையே. அழுக்கையும் எண்ணெயையும் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோவதில் அவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் இருக்கவேண்டிய எண்ணெய் எது, போகவேண்டிய எண்ணெய் எது என்னும் பேதம் அவற்றுக்குத் தெரியாது.

கண்டிஷனரின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. இந்த இடத்தில் ரசாயன சாஸ்திரம் காட்டுகிற நேர்த்தியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அதன் பிரதான பொருள்கள் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை. இவற்றின் ஒரு முனையில் நேர்மின் தன்மை. மறு முனையில் நீண்ட கொழுப்புச் சங்கிலி. எதிர்மின் தன்மை எங்கே மிகுதியோ அங்கே நேர்மின் முனை போய்ப் பற்றிக்கொள்ளும் என்பதால், மயிரில் எந்தப் பாகம் மிகவும் பழுதுபட்டிருக்கிறதோ அந்தப் பாகத்திலேயே இப்பொருள் அதிகமாகத் தங்குகிறது. புதிய, பழுதற்ற வேர்ப்பகுதியில் குறைவாகவே தங்குகிறது. பற்றிக்கொண்ட மூலக்கூறின் கொழுப்பு வால் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டு நின்று, போய்விட்ட போர்வைக்குப் பதிலாக ஒரு தற்காலிகப் போர்வையைத் தருகிறது. இத்துடன் சீட்டைல், ஸ்டியரைல் ஆல்கஹால் என்னும் கொழுப்புப் பொருள்கள் சேர்ந்து, அடுக்கடுக்காகத் தண்ணீரைப் பிடித்துவைத்த கூழாக நின்று, இழைகளுக்கு நடுவே வழுக்கலை உண்டாக்குகின்றன. ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு இவை முடியை வறளச் செய்யுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இவை மெழுகு இனம். கண்டிஷனர்கள் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் சாய்ந்தவையாகையால், செதில்களும் ஒட்டிப் படிகின்றன.

இப்படிப்பட்ட பொருள் அழுக்கை நீக்குமா என்ற கேள்வி நியாயமானது. நீக்கும், ஆனால் மிதமாகத்தான். எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்கும் குணம் இதற்கும் ஓரளவு உண்டு; கொழுப்புப் பொருள் தலையிலுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும்; மிச்சத்தை விரல்களின் உராய்வும் தாராளமான தண்ணீரும் செய்துமுடிக்கும். தூசியும் வியர்வையும் படிந்த தலைக்கு இது போதும். தினம் எண்ணெய் வைத்து வாரி, அனல் பறக்கும் சாலையில் அலைந்துவிட்டு வருகிறவருடைய தலைக்குப் போதாது.

கண்டிஷனர் முழுக்கு என்னும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட மனவேதனையின் சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கேசம் அடிமைக் காலம் முதல் இழிவாகப் பேசப்பட்டது. 1867-இல் லூயிசியானாவில் பிறந்து, பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் என்று புகழ்பெற்ற ஸாரா ப்ரீட்லவ், தலைத்தோல் நோயினால் தம் முடி கொட்டுவதைக் கண்டு வருந்தி, தம் இனத்துப் பெண்களுக்காகக் களிம்பும் சுத்தமுறையும் வகுத்துப் பெருவணிகம் நடத்தினார். அவருக்குப் பின்பு பல தலைமுறைப் பெண்கள் சூடேற்றிய சீப்பாலும் சோடியம் ஹைட்ராக்ஸைடு கலந்த களிம்பாலும் முடியை நேராக்கிக்கொண்டார்கள். உத்தியோகம் கிடைப்பதும் மரியாதை கிடைப்பதும் அதைப் பொறுத்திருந்தன. அந்தக் களிம்பு கெரட்டினின் கந்தகப் பந்தங்களையே உடைத்து நேராக்குவது. அதைக் கைவிட்டு, பிறந்தபடியே சுருளை வளர்க்கத் துணிந்தவர்கள்தாம் கண்டிஷனர் முழுக்கைத் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துப் பரப்பினார்கள். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் சுருள் முடிக்கென்றே அழகு நிலையம் நடத்திய லொரெயின் மாஸி, நுரைக்கும் ஷாம்புவை அறவே விடச் சொல்லும் தம் நூலை 2001-இல் வெளியிட்ட பிறகு, மற்ற இனத்தவரிடமும் அது பரவிற்று. இயற்கையான கேசத்தைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பேதம் பாராட்டக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது 2019-இல்தான் என்பதை எண்ணும்போது, அந்தப் பெண்களின் துணிவு எத்தகையது என்பது விளங்கும்.

கண்டிஷனர் முழுக்கைச் செய்யும் முறை எளிது. அவசரம் மாத்திரம் உதவாது. தலையை நன்றாக நனைத்து, கூந்தலை நான்கைந்து பாகமாகப் பிரித்து, ஷாம்புவுக்கு எடுப்பதைவிடப் பலமடங்கு கண்டிஷனரை எடுத்து, நகம் படாமல் விரல் நுனிகளால் தலைத்தோல் முழுவதும் சில நிமிஷம் தேய்க்க வேண்டும். அழுக்கு நீங்குவது இந்தத் தேய்ப்பினால் ஆகையால் இதில் குறைவைக்கக்கூடாது. பிறகு நீளம் முழுவதும் பூசி, வழுக்கல் இருக்கும்போதே முதலில் விரலாலும் பின்பு அகன்ற பல்லுள்ள சீப்பாலும் நுனியிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிப் போய்ச் சிக்கெடுக்க வேண்டும். ஈர மயிர் உலர்ந்த மயிரைவிட எளிதில் இழுபட்டு முறியும் என்பது உண்மையானாலும், இறுகிய சுருளை உலர்ந்த நிலையில் வாருவது அதைவிடக் கேடு. சுருள் முடியுள்ள ஒரு குழந்தையைப் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் மடியில் பிடித்து உட்காரவைத்து, உலர்ந்த தலையில் நெருங்கிய பல்லுள்ள சீப்பை உச்சியிலிருந்து இழுக்கிற வழக்கத்தை நம் வீடுகள் விட்டுவிட்டால், அழுகையும் குறையும், முடியும் தங்கும். அலசி முடிந்ததும் டவலால் பரபரவென்று துவட்டாமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தலைத்தோலின் க்ஷேமத்தை மறந்துவிட்டு நுனியின் அழகையே கருதுகிறவர்களுக்கு இம்முறை தீங்கும் செய்யும். எல்லார் தலையிலும் மலசேசியா என்னும் பூஞ்சை வாசம் செய்கிறது. அது தோலின் நெய்யைத் தின்று வாழ்வது. பொடுகு உள்ளவர்கள் நெய்ப்பிசுக்கைப் போக்காமல் கண்டிஷனரை மாத்திரம் மேலும் மேலும் பூசினால் அரிப்பும் செதில் உதிர்வும் அதிகப்படக்கூடும். தண்ணீரில் கரையாத டைமெத்திக்கோன் போன்ற சிலிக்கோன்கள் சேர்ந்த கண்டிஷனரானால், அது அடுக்கடுக்காகப் படிந்து கூந்தலைத் தொய்ய வைக்கும். ஆகையால் சிலிக்கோன் இல்லாததைத் தேர்ந்துகொள்வதும், இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறையாவது மென்மையான ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் இடுவதும் நல்லது. ஷாம்புவே ஆகாது என்னும் கடும் விரதத்தை நான் ஏற்கவில்லை. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தலை கழுவும் கண்டிஷனர் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு முடி உதிர்ந்தும் அரிப்பும் தடிப்பும் கண்டும் இருப்பதாகப் பகிரங்கமாக எச்சரித்தது. அதைத் தயாரித்து விற்றவர்களிடம் மாத்திரம் 21,000-க்கு மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. ஒரு பொருளைப் பூசியபின் முடி கொத்துக் கொத்தாக வந்தால், பழகப் பழகச் சரியாகும் என்று காத்திராமல், அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளிலும் இதற்கு நெருங்கிய உறவு கொண்ட பழக்கங்கள் உண்டு. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் வழுவழுப்பான சாறும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சீயக்காயின் கடுமையைத் தணித்து இழைகளை வழுக்கச் செய்கின்றன. தேங்காயெண்ணெயின் விஷயத்திலோ ஆராய்ச்சியின் ஆதாரமே இருக்கிறது. மும்பையில் ரேலே, மோஹிலே என்னும் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, மயிரிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் மயிருக்குள்ளேயே புகுந்து, தண்ணீரில் ஊதுவதைத் தடுக்கிறது. தலை முழுகுவதற்கு முன்னே எண்ணெய் வைப்பதும் அந்தச் சோதனையில் பலன் தந்தது. முழுகிய பிறகுதான் எண்ணெய் என்று வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பலனை எப்போது எதிர்பார்ப்பது? சிக்கு குறைவதும் மினுமினுப்பும் முதல் சில முழுக்குகளிலேயே தெரியும். நீளம் தெரிவதற்குப் பல மாதங்கள் ஆகும், ஏனெனில் முன்னமே பிளந்துபோன நுனியை எந்தக் கண்டிஷனரும் ஒட்டவைக்காது. அது கத்தரிக்கப்பட்டு, காக்கப்பட்ட புதிய பாகம் கீழே இறங்கி வர வேண்டும். அளக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்ந்தபின் இறுகிச் சுருண்டுகொள்ளும் கேசம் தன் உண்மையான நீளத்தில் பாதிக்கும் குறைவாகவே தோன்றுவது உண்டு. ஆகையால் கண்ணாடியில் தோள்வரை வந்ததா என்று பார்ப்பதை விட்டு, உச்சியிலோ பிடரியிலோ ஒரே இடத்து இழையொன்றைப் பிடித்து, இழுக்காமல் மெல்ல நீட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு நாடாவை வைத்துக் குறித்துக்கொண்டுவந்தால், வேர் தந்ததில் நுனி இழந்தது போக எவ்வளவு மிஞ்சியது என்பது தானே தெரிந்துவிடும்.