கொழுந்துக்கு மேலே நிற்கும் மரங்கள்: பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு ஒரு பராமரிப்புத் திட்டம்

நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கிவரும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள பொகவந்தலாவை தேயிலைக்காகவே அறியப்பட்ட இடம் என்றாலும், அதன் மலைச்சரிவுகளில் தேயிலைச் செடிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது மனிதர் நட்டு வளர்த்த மரங்களே ஆகும். கொழுந்து மலைகளில் நிழலுக்காக நட்ட சவுக்கு, மேட்டுநிலங்களில் விறகுக்காக வளர்த்த யூகலிப்டஸ் என்னும் டர்பன்டைன், தோட்ட வீதிகளின் ஓரத்தில் அணிவகுக்கும் முதிர்ந்த மரங்கள், தொழிலாளர் வசிக்கும் லயன் வீடுகளின் பின்புறத்தில் நிற்கும் பலா என இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காக நடப்பட்டவை. தேயிலைத் தோட்டம் இலாபம் கருதி நடத்தப்படும் வணிகச் சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் நகரத்து அலுவலகத்தையோ விடுதியையோ போலன்றி, அதன் எல்லைக்குள்ளேயே தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன, பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கின்றனர், கோயில் திருவிழா நடைபெறுகிறது. ஆகவே இங்கு ஒரு மரத்தின் நலன் விளைச்சலோடு மட்டுமன்றி, அதன் கீழ் வாழ்வோரின் உயிரோடும் பிணைந்தது.

தோட்ட நிர்வாகம் தேயிலைச் செடியை எவ்வாறு பராமரிக்கிறது என்பதை நோக்கினால், மரங்களுக்கு எது குறைவு என்பது தெளிவாகும். மலை எனப்படும் ஒவ்வொரு தேயிலைப் பிரிவுக்கும் இலக்கம் உண்டு; எந்த ஆண்டில் எந்த மலையில் கவ்வாத்து வெட்டப்பட்டது, அடுத்த கவ்வாத்து எப்போது, உரம் எவ்வளவு என்பன பதிவேட்டில் இருக்கின்றன; கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கப் பழக்கப்பட்ட கைகளும் இருக்கின்றன. நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் நீண்டகாலமாக இருந்துவந்தாலும், தேயிலை நிரைகளுக்கு வெளியே, வீதியோரத்திலும் லயன் அருகிலும் பாடசாலை மதிலோரத்திலும் நிற்கும் மரங்கள் பெரும்பாலும் ஒரு கிளை முறிந்த பின்னரோ கூரை உடைந்த பின்னரோதான் கவனிக்கப்படுகின்றன. செடிக்குக் காட்டும் அதே ஒழுங்கை, அதாவது பதிவேடு, காலவட்டம், பயிற்சி பெற்ற கைகள் ஆகிய மூன்றையும், மரத்துக்கும் விரிவுபடுத்துவதே தொழில்முறை மரப் பராமரிப்புத் திட்டத்தின் சாரம்.

மரம் மலைக்கு வந்த கதை

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்ததைத் தொடர்ந்து, மத்திய மலைநாட்டின் சரிவுகள் சில தசாப்தங்களுக்குள் தேயிலைக்கு மாறின. இயற்கைக் காடு அகற்றப்பட்ட சரிவுகளில் வெயிலும் காற்றும் மழையும் நேரடியாக மண்ணைத் தாக்கியமையால், தோட்டக்காரர்கள் மீண்டும் மரம் நடவேண்டியவராயினர். அவற்றுள் கிழக்கு அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, தமிழ்நாட்டின் நீலகிரியில் சில்வர் ஓக் எனப்படும் சவுக்கு உயர்நிலை நிழலுக்குப் பயன்பட்டது; முள்முருக்கும் அல்பீசியா இனங்களும் நிழலுக்காக நடப்பட்டன. பின்னவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால், வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியாக்களின் துணையுடன் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு.

நிழலின் பயன் வெறும் குளிர்ச்சி அன்று. தேயிலை இலையின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசைக் கடக்கும்போது ஒளித்தொகுப்பு குறையத் தொடங்குகிறது; மரநிழல் அந்த வெப்பத்தைத் தணிப்பதோடு, உதிரும் இலைகள் மண்ணை மூடி ஈரத்தைக் காக்கின்றன. ஆனால் நிழல் மிகுந்தாலும் கேடு உண்டு. 1946இல் இலங்கையை அடைந்த கொப்புள நோய், தேயிலையின் இளங்கொழுந்தைத் தாக்கும் பூஞ்சையால் உண்டாவது. இலையின் மேல் ஈரம் நீண்ட நேரம் தங்கினால் அது விரைந்து பரவும். அடர்ந்த நிழல் அந்த ஈரத்தை உலரவிடுவதில்லை. எனவே கோடையில் நிழலைக் காப்பதும் மழைக்கு முன்னர் அதைக் குறைப்பதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாயின. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் வலுப்பெறும் பொகவந்தலாவை போன்ற மேற்குச் சரிவுகளில், கிளை கழிக்கும் வேலை அதற்கு முன்னதாக முடிவடைய வேண்டும் என்பது இதன் விளைவு. 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவ்விடயங்களில் தோட்டங்களுக்கு வழிகாட்டிவரும் நிறுவனமாகும்.

முதற்படி: கணக்கெடுப்பும் ஆபத்து மதிப்பீடும்

எந்த மரப் பராமரிப்புத் திட்டமும் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு, அதன் இனம், தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளந்த அடிமரச் சுற்றளவு, நிற்கும் இடம், அதன் கீழ் இருப்பது என்ன ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது இதன் முறை. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் கணக்கெடுப்பது இயலாது. ஆகவே லயன், பாடசாலை, பிள்ளைப் பராமரிப்பு நிலையம், மருந்தகம், தொழிற்சாலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், பேருந்து செல்லும் வீதி ஆகியவற்றின் மீது விழக்கூடிய தூரத்தில் நிற்கும் மரங்கள் முதலிடம் பெறவேண்டும்.

அடுத்தது ஆபத்து மதிப்பீடு. மரம் விழக்கூடிய நிலையில் இருக்கிறதா, விழுந்தால் எதன்மேல் விழும், அதனால் விளையும் சேதம் எத்தகையது என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே ஒரு மரத்தின் ஆபத்து கணிக்கப்படுகிறது. ஆளரவமற்ற ஓடைக்கரையில் உள்ளீடற்றுப் போன முதுமரம் பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் உறைவிடமாக நிற்கலாம். அதே நிலையிலுள்ள மரம் லயன் கூரைக்கு மேல் சாய்ந்திருந்தால் தாமதமின்றி நடவடிக்கை வேண்டும். அடிமரத்தில் காளான் முளைத்திருத்தல், பட்டையில் நீண்ட வெடிப்பு, மரச்சுத்தியலால் தட்டும்போது எழும் வெற்றொலி, வேரடியில் மண் மேலெழும்பியிருத்தல், அண்மையில் ஏற்பட்ட சாய்வு, இரு பெருங்கிளைகள் இடுங்கிய கோணத்தில் பட்டையை நடுவே நெரித்துக்கொண்டு வளர்ந்திருத்தல், உள்மரத்தைக் கறையான் தின்றிருத்தல் ஆகியன கூர்ந்து நோக்கவேண்டிய அறிகுறிகள். மலைநாட்டில் மேலும் ஓர் அறிகுறி உண்டு: வீதியை அகலிக்கவோ வீட்டை நீட்டிக் கட்டவோ சரிவை வெட்டும்போது மரத்தின் ஒருபக்க வேர்கள் அறுபடுகின்றன, மேலே இலைகள் பசுமையாகத் தோன்றினாலும், பருவமழையில் மண் ஊறிய நாளில் அம்மரம் வேரோடு சாயக்கூடும்.

இத்தகைய மதிப்பீடு தேவை என்பதற்கு நாட்டின் அண்மைய அனுபவமே சான்று. 2023 அக்டோபரில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் மீது வீதியோர மரமொன்று விழுந்ததில் ஐவர் உயிரிழந்தனர். தலைநகரின் நடுவே இது நிகழுமாயின், ஒவ்வொரு பருவமழையிலும் மரம் விழுந்து ஹட்டன் பக்கத்து வீதிகள் தடைப்படும் மலைநாட்டில் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வெட்டும் முறை

மரத்தின் காயம் மனித உடலின் காயத்தைப் போல ஆறுவதில்லை என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிவாக நிறுவினார். மரம் கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புதிய மரப்பகுதியை வளர்த்துக்கொள்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றே புடைத்துக் காணப்படும் வளையமே அத்தடுப்பு உருவாகும் இடம். அவ்வளையத்தைச் சிதைக்காமல் அதற்கு வெளியே வெட்டினால் காயம் விரைவாக மூடிக்கொள்ளும். பாரமான கிளையை முதலில் அடிப்புறத்தில் சிறிதளவு அறுத்து, பின் அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து அறுத்து வீழ்த்தி, இறுதியாக எஞ்சிய முண்டை வளையத்தின் ஓரத்தில் நீக்குவது மூன்று வெட்டு முறை எனப்படும். இதனால் கிளை முறியும்போது அடிமரத்தின் பட்டை உரிந்துவருவது தவிர்க்கப்படுகிறது. வெட்டுவாயில் பூசப்படும் தார் போன்றவை அழுகலைத் தடுப்பதில்லை.

ஆபத்தைக் குறைப்பதாக எண்ணி மரத்தின் தலையை ஒரேயடியாக வெட்டிவிடுவது இதற்கு நேர்மாறான விளைவைத் தருகிறது. வெட்டுவாயைச் சுற்றிப் பட்டைக்கு அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும் புதிய கிளைகள் ஆழமான பிடிப்பின்றி வளர்கின்றன. சில ஆண்டுகளில் அவை பாரமாகும்போது அடியில் அழுகலும் பரவியிருக்கும். இளமையிலிருந்தே குறித்த உயரத்தில் ஒழுங்காகக் கழித்துப் பழக்கிய நிழல் மரம் வேறு, முதிர்ந்த பின் திடீரெனத் தலை கொய்யப்பட்ட வீதியோர மரம் வேறு என்பதை மேற்பார்வையாளர் உணர்ந்திருத்தல் அவசியம்.

மரத்தில் ஏறுபவரின் பாதுகாப்பும் திட்டத்தின் பகுதியே ஆகும். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, ஏறுகயிறு, கீழே நின்று ஆட்களை விலக்கும் துணையாள், மின்கம்பிக்கு அருகில் வேலை செய்வதற்கு முன் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து மின்னோட்டத்தைத் துண்டித்தல் ஆகிய எதையும் செலவு கருதிக் கைவிடலாகாது.

குளவிக்கூடும் கொழுந்து பறிப்போரும்

பொகவந்தலாவை உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்படும் செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. சில வேளைகளில் உயிரிழப்பும் நேர்கிறது. பொதுவாகக் குளவி என்று சொல்லப்படுவதில் பெருங்குளவிகளும், உயர்ந்த மரக்கிளைகளில் திறந்த அடையாகக் கூடு கட்டும் மலைத்தேனீக்களும் அடங்குகின்றன. கூடு கலைவதற்குப் பருந்தின் தாக்குதலோ, பலத்த காற்றோ, முறிந்து விழும் கிளையோ போதுமானது. மரப் பதிவேட்டில் கூடுகளையும் குறித்துவைத்து, கொழுந்து பறிக்க ஆட்களை அனுப்புமுன் அந்த மலையின் மரங்களைப் பார்வையிட்டு, கூடு உள்ள நிரைகளைத் தவிர்த்து, தேவைப்படும் இடத்தில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு கூட்டை அகற்றுவது எளிதில் நடைமுறைப்படுத்தக்கூடிய ஏற்பாடு. அச்சத்தால் உயர்ந்த மரங்களையெல்லாம் வெட்டிவிடுவது நிழலையும் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீக்களையும் ஒருசேர இழப்பதாகும்.

அகற்றுதலும் மீள்நடுகையும்

அகற்றவேண்டிய மரங்களும் உண்டு. ஆயினும் வெட்டிய பின் நிகழ்வதையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். வெட்டிய சவுக்கின் அடிக்கட்டையில் உஸ்துலினா என்னும் பூஞ்சை குடியேறி, மண்ணுக்குள் வேர் வழியாக அருகிலுள்ள தேயிலைச் செடிகளுக்குப் பரவிக் கொன்றுவிடும் என்பது இலங்கைத் தேயிலை ஆய்வில் நீண்டகாலமாக அறியப்பட்டது. மரத்தை வீழ்த்துவதற்கு முன் அடிமரப் பட்டையை வளையமாக உரித்துவிட்டால், இலைகளில் உருவாகும் உணவு வேரைச் சென்றடையாது. வேரில் சேமிக்கப்பட்ட மாச்சத்து தீர்ந்துபோவதால் பூஞ்சைக்கு அங்கு உணவு குறைகிறது. ஆனால் வளையமிட்ட மரம் நின்றபடியே காய்ந்து பலமிழக்குமாதலால், குடியிருப்புக்கும் வீதிக்கும் அருகில் இம்முறை பொருந்தாது.

சரிவான நிலத்தில் மற்றொரு சிக்கல் எழுகிறது. நோயைத் தடுக்கக் கட்டையையும் வேரையும் தோண்டி எடுப்பது நல்லது; ஆனால் மண்ணைப் பிடித்துவைத்திருப்பதும் அதே வேர்தான். வெட்டிய மரத்தின் வேர் அழுகிப் பிடிப்பை இழக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், மண்சரிவு அபாயமுள்ள இடங்களில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையுடன், கட்டையை விட்டுவைத்து, அந்த இடைவெளிக்குள் புதிய கன்றுகள் வேரூன்றுமாறு முன்கூட்டியே நடுவது அறிவுடைமை. சரிவிலிருந்து கழுவப்படும் மண் கெசல்கமு ஓயா வழியே சென்று காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படிகிறது என்பதால், பொகவந்தலாவையின் மரம் நாட்டின் நீர்மின் உற்பத்தியோடும் தொடர்புடையது.

யார் பொறுப்பு?

1992 முதல் பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் உள்ளது. நிலமோ பெரும்பாலும் அரசுடைமை. வீதியோர மரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையையோ பிரதேச சபையையோ சார்ந்திருக்கலாம். பலா, ஈரப்பலா போன்ற மரங்களை வெட்டுவது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இப்பொறுப்புப் பகிர்வில் ஒரு மரத்துக்கு எவரும் பொறுப்பேற்காத நிலை உருவாவது எளிது. ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே, பொறுப்பான நிறுவனமும் அனுமதி பெறவேண்டிய இடமும் எழுதப்படவேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, தேயிலையின் கவ்வாத்து வட்டத்தை ஒட்டி மரவேலையையும் பகிர்ந்தமைத்தால், ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதி மரங்களே கவனிப்புக்கு வருமாதலால் சுமை தாங்கக்கூடியதாகிறது. கழித்த கிளைகள் விறகாகத் தொழிற்சாலைக்குப் பயன்படும். எனினும் மர விற்பனை வருமானமே வெட்டும் முடிவைத் தீர்மானிக்கலாகாது. எந்த மரம் நிற்கவேண்டும், எது அகற்றப்படவேண்டும் என்று தீர்மானிப்பவருக்கும் வெட்டிய மரத்தை வாங்குபவருக்கும் இடையே தெளிவான பிரிவு இருந்தால்தான் பராமரிப்பு என்ற பெயரில் மரங்கள் அழிவது தடுக்கப்படும்.

இவை எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு தோட்டம் தன் லயன்களையும் பாடசாலையையும் பேருந்து வீதியையும் சூழ்ந்த மரங்களை மட்டும் இலக்கமிட்டுப் பதிந்து, அப்பதிவேட்டை அங்கு வாழும் மக்கள் பார்க்கும்படி வைத்தாலே முதலாண்டின் வேலையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். தங்கள் கூரைக்கு மேல் நிற்கும் மரம் பரிசோதிக்கப்பட்டதா, எப்போது கழிக்கப்படும் என்று கேட்டறியும் உரிமை தொழிலாளர் குடும்பங்களுக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லக்கூடிய நிர்வாகமே தன் சொத்தைத் தொழில்முறையில் பராமரிக்கும் நிர்வாகம் ஆகும்.