தகடூர் யாத்திரையின் அமைப்பும் எபிரேயச் சாமுவேல் நூலும்

தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைத்திலது. இன்று தருமபுரி என வழங்கும் தகடூரில் அதியமானும் பெருஞ்சேரல் இரும்பொறையும் பொருத போரே அந்நூற்பொருள். புறத்திரட்டில் 40-க்கு மேற்பட்ட செய்யுட்களும் உரையாசிரியர் தம் மேற்கோள்கள் சிலவுமே எஞ்சியுள்ளன. இவற்றைக் கோத்துப் போர்க்கதையை மீட்டல் கூடுமா என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் ‘தொன்மை’ என்னும் வனப்பிற்குப் பெருந்தேவனார் பாரதத்தையும் தகடூர் யாத்திரையையும் எடுத்துக்காட்டுவர் பேராசிரியர். உரைநடையொடு விரவிப் பழங்கதைமேல் வருவதே தொன்மை. எனவே இழந்தது சில செய்யுட்கள் மட்டுமன்று. அவற்றை இணைத்து நின்ற உரையுமாம்.

இவ்வமைப்புச் சிதையாது நின்ற பழைய நூலொன்றனை நோக்குதல் பயன் தரும். எபிரேய மறையுள் சாமுவேல் என்பது தொடக்கத்தில் ஒரே நூல். கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே அது இரண்டாகப் பகுக்கப்பட்டது. கதை உரையாற் செல்கின்றது. சிறப்பிடங்களிற் பாட்டு நிற்கின்றது. முற்பகுதியில் அன்னாளின் பாட்டு, இறுதியை அடுத்துத் தாவீதின் பாட்டு, நடுவே சவுலும் யோனத்தானும் பட்டமைக்குத் தாவீது பாடிய கையறுநிலை. இக்கையறுநிலை யாசேரின் நூலில் எழுதப்பட்டுள்ளது என்று அந்நூலே கூறுகின்றது. அவ்யாசேரின் நூலும் மறைந்தொழிந்தது!

இனி, உரை முழுதும் அழிந்து அக்கையறுநிலை ஒன்றே எஞ்சியதாகக் கொள்வோம். கில்போவா மலையில் இருவரும் வீழ்ந்தனர் என்பது புலனாகும். சவுல் தன் வாள்மேல் தானே வீழ்ந்தான் என்பதோ, தானே அவனைக் கொன்றதாக அமலேக்கியன் ஒருவன் வந்துரைத்தான் என்பதோ பாட்டிலில்லை. அவை உரை தருவன. புறநானூற்றில் ஔவையார் பாடிய கையறுநிலையும் (235) இத்தகையதே. அஞ்சியின் மார்பில் வேல் தைத்தமை அறிகின்றோம். எறிந்தவன் யார், களம் யாது என்பன அறியோம். அரிசில்கிழார் பாட்டின் (230) அடிக்குறிப்பன்றோ தகடூரில் எழினி பொருது வீழ்ந்தமையை நமக்கு உரைக்கின்றது?

உரையின் இவ்வேலையைத் தருமபுரிப் பகுதி நடுகற்களிலும் காணலாம். ஆட்சியாண்டு, வீரன் பெயர், ஆநிரைப் பூசல், ‘பட்டான்’ என்னும் முடிபு என அவை மிகச் சிலவே சொல்லும். எனினும் எந்தக் கையறுநிலைப் பாட்டும் தாராத செய்தி அவை.

புறத்திரட்டின் நிரலையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். அது செய்யுட்களைப் பொருள் நோக்கி அதிகாரம் அதிகாரமாகத் தொகுத்தது; கதைமுறை அதன் நோக்கமன்று. ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இரு செய்யுட்களை அடுத்தடுத்த நிகழ்ச்சிகளாகக் கொள்ளுதல் பிழையாம். நச்சினார்க்கினியரோ சில விடங்களில் இன்னார் இன்னார்க்குக் கூறியது என்று குறிப்பர். பொன்முடியாரும் அரிசில்கிழாரும் அக்குறிப்புகளில் இடம்பெறுவர். மறைந்த உரையின் நிழல் அக்குறிப்புகளிற் படிந்திருத்தல் கூடும். மீட்கும் முயற்சி அவற்றிலிருந்தே தொடங்கற்பாலது. புறத்திரட்டுச் செய்யுட்களை அதன்பின்னரே பொருத்திப் பார்த்தல் தகும்.