காலடி பழகுமுன் தீப்பந்தம்

புலித்தேவரின் நெற்கட்டும்செவலை அண்டையில் கொண்ட சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பக் கம்பின்மீது ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் ஆசான் பல வருஷ அப்பியாசத்துக்குப் பின் செய்துகாட்டும் தீப்பந்தச் சுற்றையும் சுருள்வாள் வீச்சையும், கைப்பேசியில் கண்ட மாத்திரத்தில், காலடி வரிசைகூடப் படியாத பிள்ளை செய்யத் துணிவதும், ஊர்க்கொடைக்கு ஆள் சேர்க்கும் அவசரத்தில் சில வாத்தியார்கள் அதற்கு இடங்கொடுப்பதும் விபரீதமானவை.

சிலம்பத்தில் கம்பைச் சுற்றுவது கை என்று எண்ணுவது பிரமை. கால் இடம் மாறாவிட்டால் முதுகுப்புறம் திரும்பும் கம்பு சொந்தக் கணுக்காலையோ பின்மண்டையையோ தாக்கும். கம்பின் நுனியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு: பிழியாத துணியிலிருந்து வேகத்தில் சிதறும் துளிகள் சட்டையில் விழுந்து பற்றும், நைலான் ஜெர்சியானால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதும் வேடிக்கையோ அதனினும் கொடிது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியாவில் முடியலாம். அதை விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. தீப்புண்ணுக்கு இருபது நிமிஷம் குழாய்த்தண்ணீர், பற்பசையும் பேனா மையும் வேண்டாம், உடனே 108.

சட்டம் இதைக் கவனியாமல் இல்லை. விளையாட்டாக வாட்பயிற்சி செய்ய இருவர் இசைந்து, முறைப்படி ஆடுகையில் ஒருவருக்குக் காயம் பட்டால் குற்றமில்லை என்ற பழைய உதாரணம், 1-7-2024 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவிலும் தொடர்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் பதினெட்டு வயது நிரம்பியவருடையதாக இருக்கவேண்டும். பள்ளிப் பிள்ளை "நானே கேட்டேன்" என்பது இப்பிரிவின்படி வாத்தியாருக்குக் கவசமாகாது. பிறர் பாதுகாப்பைக் கெடுக்கும் அஜாக்கிரதையால் கொடுங்காயம் நேர்ந்தால், 125ஆம் பிரிவின்கீழ் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதற்குக் காவல்நிலையத்தில் புகார் கொடுக்கவேண்டும்.

நஷ்டஈடு வேறு வழி. பள்ளிக்கு வெளியே கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் வகுப்பின் சேவைக் குறைபாட்டை, பெற்றோர் தாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக்கட்டணமில்லை. இலவசமாகக் கற்பிக்கும் ஆசானிடம் இவ்வழி செல்லாது என்பது நம்மூரில் பலர் அறியாத விஷயம். ஆகவே, கட்டணம் கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்; காயம் பட்டால் மருத்துவச் சீட்டையும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள்; ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915, குழந்தையைக் கட்டாயப்படுத்தினாலோ துன்புறுத்தினாலோ 1098.