பழைய பாக்கெட் கடிகாரம்: பெயரை நம்பாதீர், மெஷினைப் பாரீர்!

மூட்டையின் மேலுள்ள முத்திரையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுவோம். பழைய பாக்கெட் கடிகாரத்துக்கும் இதே விதிதான். முகப்பிலுள்ள பெயர் முத்திரை மட்டுமே. உள்ளே ஓடும் மெஷினே சரக்கு.

அமெரிக்காவின் வால்தம், எல்ஜின், ஹாமில்டன் கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் மெஷினை ஒரு தொழிற்சாலையும் கூட்டை வேறொரு தொழிற்சாலையும் செய்தன. வாடிக்கையாளர் கடையில் மெஷினைத் தேர்ந்தெடுத்து, வசதிக்கேற்ப வெள்ளிக் கூடோ தங்கக் கூடோ போட்டுக்கொள்வார். ஆகவே கூட்டின் எண் வேறு, மெஷினின் எண் வேறு. வயதையும் ரகத்தையும் அறிய உதவுவது மெஷின் எண்ணே.

பின்மூடியைத் திறந்ததும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது தகடு. முழுத் தகடு மெஷினில் பேலன்ஸ் சக்கரம் தகட்டின் மேலே நிற்கும். முக்கால் தகட்டில் அது தகட்டுக்குப் பக்கத்தில் தாழ்ந்து அமரும். அதனால் மெஷின் மெலிதாகும். பிரிட்ஜ் வகையில் சக்கரங்களைத் தனித்தனித் துண்டுகள் தாங்கும்.

இரண்டாவது சைஸ். கூட்டை அளக்கக் கூடாது. முகப்பை ஒட்டிய அடித்தகட்டின் குறுக்களவே கணக்கு. 16 சைஸ் என்றால் 1.7 அங்குலம். ஒவ்வொரு சைஸுக்கும் அங்குலத்தில் 30-ல் ஒரு பங்கு கூடும்.

மூன்றாவது கல். சாதாரண மெஷினில் 7 கல், நல்லதில் 15 அல்லது 17, உயர்ந்த ரகத்தில் 21, 23 என்று இருக்கும். 7 கல் மெஷினில் அவை பேலன்ஸ் சக்கரத்தையும் அதை அடுத்த உறுப்பையும் சார்ந்தே இருக்கும். எண்ணிக்கை கூடக்கூட மற்றச் சக்கரங்களின் அச்சுகளுக்கும் கல் வரும்.

1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிப் பலர் மாண்டனர். அதன்பின் வெப் பால் என்ற கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் ரயில்வே கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றார். குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்த ஓட்டம், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாமை என விதிகள் நாளடைவில் இறுகின.

ரயில்வே கடிகாரத்துக்கு மதிப்பு ஏறியதும் கலப்படமும் வந்தது. மலிவான மெஷினில் '23 கல்' என்று பொறித்து, முகப்பில் ரயில் எஞ்சின் படம் போட்டு விற்றார்கள். எழுத்தை நம்பியவர் ஏமாந்தார். கல்லை எண்ணியவர் தப்பினார்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. தங்கக் கூட்டை எடை போட்டு உருக்கிவிட்டு, நல்ல மெஷினைச் சும்மா தள்ளிவிடுகிறார்கள். பிறகு அது வேறு கூட்டில் ஏறி வருகிறது. கூட்டின் உள்விளிம்பில் இப்போதைய திருகுக்குப் பொருந்தாத பழைய திருகுத் தடம் தெரிந்தால், கூடு மாறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

எனவே வாங்கினாலும் விற்றாலும், கத்தியால் நெம்பாமல், அனுபவமுள்ள ரிப்பேர்காரரிடம் திறந்து பாருங்கள். பெயர், எண், சைஸ், கல் நான்கையும் தாளில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள். தாத்தா வைத்துப்போன பொருள் பழைய தங்கத்தின் எடைக்குப் போய்விடாமல் இருக்க இதுவே வழி.