மண் குதிரையை நம்பலாமா?



உலகெங்கும் விற்கும் ஐபோனை ஆப்பிள் கம்பெனி தன் சொந்த ஆலையில் செய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? வடிவமைப்பு அமெரிக்காவில் நடக்கிறது. பொருத்தித் தருவது ஃபாக்ஸ்கான் போன்ற கம்பெனிகள். அவற்றின் மிகப் பெரிய ஆலைகள் இருப்பதோ சீனாவில், அதாவது ஒரே கட்சி ஆளும் நாட்டில். "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பார்கள் நம் பெரியவர்கள். அது இதற்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

சீனாவுக்குப் போகக் காரணம் குறைந்த கூலி மட்டும் இல்லை. உதிரிபாகம் செய்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டை, மோல்டு செய்யத் தெரிந்தவர்கள் ஏராளம். ரோடு, மின்சாரம், விடுதி எல்லாம் அரசாங்கமே முன்னின்று செய்து கொடுக்கிறது. 2010-இல் ஜெங்ஜோ நகரில் தொடங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையில் பிறகு சுமார் 2 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

2022 அக்டோபரில் அங்கே கொரோனா பரவியது. தொழிலாளர்களை வெளியே விடாமல் உள்ளேயே வைத்து வேலை வாங்கினார்கள். பயந்துபோனவர்கள் மூட்டை முடிச்சோடு வயல்வெளி வழியே நடந்தே ஊர் போனார்கள். நவம்பரில் கிளர்ச்சி வெடித்தது; போலீஸ் அடித்தது. கடைசியில் வேலையை விட்டுப் போகச் சம்மதித்தவர்களுக்கு ஆளுக்கு 10,000 யுவான் தருவதாகக் கம்பெனி சொன்னது. அந்தக் காலாண்டில் ஆப்பிள் வருமானம் 5 சதவீதம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"கொரோனா எல்லா நாட்டுக்கும்தானே வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் இதுதான்: அங்கே சுதந்திரமான தொழிற்சங்கம் கிடையாது, பத்திரிகை விரும்பியதை எழுத முடியாது. அதனால் குறை உள்ளே புழுங்கி, வெடிக்கும்போதுதான் வெளியே தெரிகிறது. 2021 டிசம்பரில் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோய்ப்பட்டதற்காக நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இங்கேயும் போலீஸ் கைது செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் செய்தி உடனே நாடு முழுக்கப் பரவியது. மூடிய ஆலை, விடுதிகளைச் சீர்செய்யும் வேலைகள் தொடங்கிய பின் 2022 ஜனவரியில்தான் திறந்தது. புகையும்போதே தெரிந்தால் தீயை அணைக்கலாம் அல்லவா?

இரண்டாவது ஆபத்து, அடங்கிப் போவது. அரசாங்கம் சொன்னதால் 2017-இல் சீனாவில் வி.பி.என். செயலிகளை ஆப்பிள் நீக்கியது. 2018-இல் சீன வாடிக்கையாளர்களின் ஐகிளவுட் தகவல்கள் குய்சோ மாகாண அரசுக் கம்பெனியின் பொறுப்புக்குப் போயின. ஆலையெல்லாம் அங்கே இருக்கும்போது 'முடியாது' என்று எப்படிச் சொல்வது? எங்கள் புளியஞ்சோலைப் பக்கம் ஒரே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பாக்குத் தோட்டக்காரர், அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிற கதைதான்!

"அதான் இப்ப நம்ம நாட்டுக்கே வந்துடுச்சே, இனி என்ன?" என்றார் என் அம்மா. உண்மைதான். 2017-இல் பெங்களூருவில் தொடங்கிய ஐபோன் வேலை பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கும் பரவியது. ஆனால் பொருத்தும் வேலை வந்த அளவுக்கு இயந்திரமும் நுணுக்கமும் வரவில்லை. ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்பிப் போனதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் நாட்டு மின்வாகனக் கம்பெனிகள் தவித்தன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒரே நாட்டை நம்பும் கம்பெனிக்கு உள்ள ஆபத்து, ஒரே கம்பெனியை நம்பும் ஊருக்கும் உண்டு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடித்ததும் நானும் அந்தப் பக்கம்தான் வேலை தேடிப் போவேன். நம்மில் பலரும் அப்படித்தான். ஆகவே நண்பர்களே, திருகாணி முடுக்குவதோடு நிற்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் டை, மோல்டு, அளவுக்கருவி, இயந்திரப் பழுது ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டுக் கற்போம். கம்பெனி ஊர் மாறினாலும் கையில் உள்ள தொழில் நம்மை விட்டுப் போகாது!