எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

விழாது. எஞ்சின் நின்ற சிறு விமானம் கல்லைப் போலக் கீழே வருவதில்லை. ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே போகும். அந்தத் தூரத்துக்குள் கரை இல்லையென்றால்தான் சிக்கல்.

2015 ஜனவரி 25 அன்று கலிபோர்னியாவின் ட்ரேசியிலிருந்து ஹவாயின் மவுய் தீவுக்கு ஒற்றை எஞ்சின் சிரஸ் எஸ்ஆர்-22 ஒன்று கிளம்பியது. உள்ளே விமானி மட்டும். நெடுந்தூரப் பயணம் என்பதால் கூடுதல் டேங்க் பொருத்தியிருந்தார்கள். நடுக்கடலில் அதன் வால்வு மக்கர் செய்தது. எரிபொருள் கையிருப்பில் இருக்கிறது, எஞ்சினுக்குத்தான் வர மாட்டேன் என்கிறது! தீவை எட்ட முடியாது என்று தெரிந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல மணி நேரம் முன்னதாக அவர் தகவல் சொல்லிவிட்டார். அவர் பிழைத்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். அமெரிக்கக் கடலோரக் காவல் படை தன் விமானத்தை அனுப்பியது. அருகில் வந்துகொண்டிருந்த வீண்டம் என்ற சொகுசுக் கப்பலின் பக்கம் அவரைத் திருப்பிவிட்டது.

சிரஸ் விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு. கூரையிலுள்ள கைப்பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் ஒன்று அதை வெளியே இழுத்துச் செல்லும். அவர் இழுத்தார். மூன்று மீட்டர் அலைகளுக்கு நடுவே விமானம் இறங்கியது. ரப்பர் படகில் ஏறிக்கொண்டவரை முக்கால் மணி நேரத்துக்குள் கப்பல்காரர்கள் மீட்டுவிட்டார்கள்.

பாராசூட் இல்லாவிட்டால்? மடக்க முடியாத சக்கரம் முதலில் தண்ணீரில் மாட்டும். மூக்கு குத்தி விமானம் கவிழ்ந்துவிடலாம். அதனால் வாலைச் சற்றுத் தாழ்த்தி, முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, பெரிய அலைகளின் முகட்டுக்கு இணையாக இறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அலைக்கு நேரெதிராகப் போனால் சுவரில் மோதுகிற கதைதான். தண்ணீரைத் தொடும் முன்பே கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் ஷூவையோ துணியையோ செருகுவார்கள். சட்டம் நெளிந்துவிட்டால் பிறகு கதவு அசையாது.

லைஃப் ஜாக்கெட்டை முன்கூட்டியே மாட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும்போது ஊதக் கூடாது. 1996-இல் கடத்தப்பட்ட எத்தியோப்பியப் பயணிகள் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமரோஸ் தீவருகே கடலில் இறங்கியது. அவசரப்பட்டு ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் ஏற ஏறக் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் இறந்தார்கள். பெரிய விமானமோ சிறியதோ, வாசலைத் தாண்டிய பிறகே ஜாக்கெட்டை ஊதவைக்கும் கயிற்றை இழுங்கள்.