எட்டு போட்டால் போதுமா?

'அப்பா... தெரு முனை வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு. போயிட்டு உடனே வந்துடறேன்ப்பா!'

குட்டீஸ்... இந்தக் கெஞ்சல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும், இல்லையா? கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். ஆணியில் தொங்கும் ஸ்கூட்டர் சாவியின் மேலேயே கண் போகும். 'எதிர் வீட்டுப் பையன் ஒன்பதாவதுதான் படிக்கிறான். அவன் மட்டும் ஓட்டுறானே!' என்று மனசு புலம்பும்.

'எனக்கு சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும். ஸ்கூட்டரில் கியர் கூடக் கிடையாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஓடும். பிரேக்கைப் பிடித்தால் நிற்கும். இதில் என்ன கஷ்டம்?' என்று நீங்கள் கேட்கலாம்.

நல்ல கேள்விதான். ஓட்டத் தெரிந்த பிறகும், 18 வயது வரை ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? வாருங்கள், பார்க்கலாம்.

எந்த வயதில் எந்த வண்டி?

நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வயதை, 1988ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அது ஏணிப்படி மாதிரி, ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறது.

முதல் படி 16 வயது. அப்போது, இன்ஜின் அளவு 50 சி.சி.,க்கு மேல் போகாத இருசக்கர வண்டியை மட்டும், உரிமம் வாங்கி ஓட்டலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

இரண்டாம் படி 18 வயது. பைக், ஸ்கூட்டர், கார் எல்லாம் இந்த வயதில்தான்.

மூன்றாம் படி 20 வயது. பஸ், லாரி, வாடகைக் கார் போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்ட, இந்த வயது ஆகியிருக்க வேண்டும்.

வண்டி பெரிதாகப் பெரிதாக, வயதும் கூடுவதைக் கவனித்தீர்களா?

50 சி.சி. என்றால் எவ்வளவு?

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். ஒரு சி.சி.,யும், ஒரு மில்லி லிட்டரும் ஒரே அளவுதான். 100 மில்லி இருமல் மருந்து பாட்டிலில் பாதி அளவுதான் 50 சி.சி.! இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் இடத்தின் அளவு இது. இந்த இடம் பெரிதானால், உள்ளே எரியும் எரிபொருளும் கூடும். வண்டியின் சக்தியும் கூடும்.

1980ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அதன் பெயரிலேயே இருக்கும் 50 தான், அதன் இன்ஜின் அளவு. ஆனால், இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 125 சி.சி., வரை கொண்டவை. மொபெட் கூட 100 சி.சி.,யை எட்டிவிட்டது.

அதனால், '16 வயதாகிவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டர்தானே!' என்று பிளஸ் 1 படிக்கும் அக்கா, அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்தால் அது தவறு. கியர் இல்லை என்பது மட்டும் போதாது. இன்ஜின் அளவும் 50 சி.சி.,க்குள் இருக்க வேண்டும்.

சரி, பேட்டரி வண்டி? மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.,க்குள்ளும் இருக்கும் மிகச் சிறிய வண்டிகளுக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் வேகமாகப் போகும் மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் கட்டாயம். 'பேட்டரி வண்டி எதுக்குமே லைசென்ஸ் வேண்டாம்டா' என்று நண்பன் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எல்.எல்.ஆர். முதல் எட்டு வரை

18 வயது நிரம்பியதும், நேராகப் போய் உரிமம் வாங்கிவிட முடியாது. முதலில் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். இதைத்தான் எல்.எல்.ஆர்., என்கிறார்கள். சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் இது கிடைக்கும். 6 மாதம் வரை செல்லும்.

பழகும்போது வண்டியின் முன்னும் பின்னும், வெள்ளை அட்டையில் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். 'நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்' என்று மற்றவர்களிடம் சொல்லும் அட்டை அது. பழகுபவர் பைக்கின் பின்னால், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

டிரைவிங் ஸ்கூல் காரை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால், மாஸ்டரே வண்டியை நிறுத்திவிடுவார்.

குறைந்தது 30 நாள் பழகிய பின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வு. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் எல்லாரும் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால், காலைத் தரையில் ஊன்றாமல் '8' போட வேண்டும். வண்டி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வு இது.

'அவ்வளவுதானா? நான் இப்பவே எட்டு போடுவேனே!' என்கிறீர்களா? போடலாம். கையும் காலும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும். ஆனால், கண்ணுக்கும் மனதுக்கும் அவ்வளவு சீக்கிரம் அந்தப் பாடம் ஏறாது. எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு நொடிக் கணக்கு

ஒரு ஸ்கூட்டர் மணிக்கு 36 கி.மீ., வேகத்தில் போகிறது. பெரிய வேகம் இல்லை. ஒரு மணி நேரத்திற்கு 3,600 நொடிகள். 36,000 மீட்டரை 3,600ஆல் வகுத்தால், ஒரு நொடிக்கு 10 மீட்டர்!

இப்போது சந்திலிருந்து ஒரு பந்து உருண்டு வருகிறது. அதைக் கண் பார்த்து, 'ஆபத்து' என்று மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது, கிரிக்கெட் பிட்ச்சில் பாதி தூரம்! பிரேக் பிடித்த பிறகுதான் வேகமே குறையத் தொடங்கும். வண்டி முழுவதுமாக நிற்க இன்னும் பல மீட்டர் வேண்டும்.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால்? அந்த ஒரு நொடியில் முழு பிட்ச் தூரமும் போய்விடும். பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கும் தூரமோ, இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிவிடும்!

பல ஆண்டு வண்டி ஓட்டியவர் என்ன செய்வார் தெரியுமா? பந்தைப் பார்த்ததுமே, 'பின்னாலேயே ஒரு குழந்தை ஓடி வரும்' என்று வேகத்தைக் குறைத்துவிடுவார். புதிதாக ஓட்டுபவரோ, குழந்தை கண்ணில் பட்ட பிறகே பிரேக்கைத் தேடுவார். புதியவர்கள் வண்டிக்கு மிக அருகிலேயே பார்த்தபடி ஓட்டுகிறார்கள், கண்ணாடியையும் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. 'இதைச் செய்தால் என்ன ஆகும்?' என்று யோசித்து, நம் அவசரத்தை அடக்குவது மூளையின் முன்பகுதி. அது முழுமையாக வளர, சுமார் 25 வயது வரை ஆகும். எட்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குபவருக்கும் இதே கதைதான்!

சிவப்பு 'பி', பச்சை 'பி'

இதையெல்லாம் யோசித்து, சில நாடுகளில் உரிமத்தையே தவணை முறையில் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரம் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைப் பாருங்கள்.

அங்கே 16 வயதில் கார் ஓட்டப் பழகத் தொடங்கலாம். ஆனால், 25 வயதுக்கு உட்பட்டவர்கள், முழு உரிமம் பெற்ற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 120 மணி நேரம் ஓட்டிய கணக்கைக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும்! நம் ஊரில், ஓட்டுநர் பள்ளியில் கார் பழகுபவர் குறைந்தது 10 மணி நேரம் ஓட்ட வேண்டும் என்கிறது விதி. 10 எங்கே, 120 எங்கே!

தேர்வில் வென்றதும் கிடைப்பது சிவப்பு 'பி' அட்டை. குறைந்தது ஓர் ஆண்டு அதோடுதான் ஓட்ட வேண்டும். மணிக்கு 90 கி.மீ.,யைத் தாண்டக் கூடாது. அடுத்தது பச்சை 'பி'. குறைந்தது 2 ஆண்டு. வேகம் 100 கி.மீ., வரை. அதிக சக்தி வாய்ந்த கார்களை இவர்கள் தொடக் கூடாது. ஓட்டும்போது மொபைல் போனைப் பயன்படுத்தவும் தடை.

வேடிக்கையான விதி ஒன்றும் உண்டு. சிவப்பு 'பி' வைத்திருக்கும், 25 வயதுக்கு உட்பட்டவர், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை, 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரை மட்டுமே காரில் ஏற்றலாம். ஏன்? இளம் டிரைவருடன் நண்பர்கள் கூடக் கூட, விபத்து அபாயமும் கூடுகிறது. 'இன்னும் வேகமா போடா!' என்ற ஒரு குரல் போதுமே! நம் தெருவில் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் கத்திக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். விதியின் அர்த்தம் புரிந்துவிடும்.

சாவி கொடுத்தவருக்கும் தண்டனை

'மாட்டினால் நான்தானே மாட்டுவேன்' என்று நினைக்காதீர்கள். 2019ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி ஆவார். 25 ஆயிரம் ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய மாணவர், 25 வயது வரை உரிமமே வாங்க முடியாது.

யோசித்துப் பாருங்கள்... ஆசையாகச் சாவியைக் கொடுத்த அப்பா, கோர்ட் வாசலில் நிற்பார். விபத்தில் யாருக்காவது அடிபட்டால், உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று சொல்லி, நஷ்ட ஈட்டுத் தொகையை உரிமையாளரிடமே வசூலிக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. 'ஒரே ஒரு ரவுண்டு' எவ்வளவு விலை பாருங்கள்!

பணத்தையாவது சம்பாதித்துக் கட்டிவிடலாம். அந்தப் பந்தின் பின்னால் ஓடி வந்த குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இப்போதே பழகலாம்!

அப்படியானால் 18 வயது வரை சும்மா உட்கார வேண்டுமா? வேண்டாம் குட்டீஸ். கண்ணுக்கான பயிற்சியை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

சைக்கிள்தான் முதல் பள்ளிக்கூடம். இடது ஓரமாகப் போவது, திரும்பும் முன் கை காட்டுவது, சந்திப்பில் நின்று இரு பக்கமும் பார்ப்பது எல்லாம் அதிலேயே பழகலாம்.

அப்பா, அம்மாவோடு வண்டியில் போகும்போது ஒரு விளையாட்டு ஆடுங்கள். அதன் பெயர், 'அடுத்து என்ன?' முன்னால் நிற்கும் பஸ், ஓரமாக நிற்கும் ஆட்டோ, சாலையோரம் மேயும் ஆடு... ஒவ்வொன்றையும் பார்த்ததும், 'அடுத்து என்ன நடக்கும்?' என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பஸ்சுக்கு முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே வரலாம். ஆட்டோ சட்டென்று திரும்பலாம். ஆடு? அது என்ன செய்யும் என்று ஆட்டுக்கே தெரியாது! பத்தில் எத்தனை சரியாகச் சொன்னீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் மார்க் போடுங்கள்.

பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் அணியுங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அது கட்டாயம். 'எல்' அட்டை கட்டிய வண்டி மெதுவாகப் போனால், 'ஹாரன் அடிக்காதீங்க, அவங்க கத்துக்கிறாங்க' என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நாளைக்கு அந்த வண்டியில் நீங்கள் இருப்பீர்கள்.

எதிர் வீட்டுப் பையன் ஸ்கூட்டரை நிறுத்தி, 'வாடா, பின்னால ஏறு' என்று கூப்பிட்டால்? 'நீ சைக்கிளை எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அவனும் வந்தாலும் வருவான்!